வீட்டுக்காரரும் சின்ன வீடும்

கிட்ட வாங்க, கண்ணுகளா. வாசலோரமாக நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு குழப்பத்தைக் கதையாகச் சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள், குழம்பப்போவது அவர்கள்தான். உங்களுக்கு எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நீங்கள் தைரியமாகச் சிரிக்கலாம். ஆனால் ஒன்று. ஒருத்தி குடியிருந்த இடத்தையும் பார்த்த வேலையையும் சேர்த்துத் தொலைத்துவிட்டு ஊரைவிட்டே போக இருந்தாள். அதை மட்டும் மறக்காமல் சிரியுங்கள்.

ஒரு சலவைக்கூடம். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக அழுக்கு விரிப்புகள் வரும். துவைத்து, உலர்த்தி, மடித்து, கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே நாலு பேர். மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற பெரியக்கா. மூட்டைகளை வண்டியில் ஏற்றி இறக்குகிற டிரைவர். இவனுக்கு வாயில் பூட்டே கிடையாது. கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப்போடுகிற தையல்காரர் ஒருவர். ஐம்பதை எட்டிப் பிடித்த வயசு. மனைவி இறந்து வெகு நாளாகிறது. எப்போதும் உதட்டில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பதால், அவர் பேசுவதும் குறைவு, பேசினால் புரிவதும் குறைவு. நாலாவதாக, குளிர் ஆரம்பித்தபோது வேலைக்குச் சேர்ந்தவள். வந்த அன்றைக்கு டிரைவர் ‘புதுசு’ என்றான். குளிர் முடியப்போகிறது, அவளுக்கு இன்னும் அதுதான் பெயர்.

புதுசுவுக்கு மடிக்கிற வேலை. பெரிய விரிப்பை மடிக்க ஒருவரால் ஆகாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் இழுக்க வேண்டும். பிறகு முன்னால் வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மறுபடி பின்னால், மறுபடி முன்னால். திங்கட்கிழமைகளில் மூட்டை அதிகம். அன்றைக்குத் தையல்காரர் ஊசியை வைத்துவிட்டு அவளுக்கு எதிர்முனை பிடிப்பார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பக்கத்திலேயே உலர்த்துகிற மெஷின் காட்டு யானை மாதிரிப் பிளிறிக்கொண்டிருக்கும். முன்னால் வரும்போது பேசுவது காதில் விழும். பின்னால் போய்விட்டால் உதடு அசைவதுதான் தெரியும். ஆகவே அங்கே யார் எதைச் சொன்னாலும் எதிராளிக்குப் பாதிதான் கிடைக்கும். மீதியை அவரவர் மனசுக்குத் தோன்றியபடி ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படி ஒரு திங்கட்கிழமை அவள் சொன்னாள்.

“நேத்து வீட்டுக்காரர்கூடப் பெரிய சண்டை.”

பின்னால் போனாள். உதடு அசைந்தது. முன்னால் வந்தாள்.

“…எப்பவும் இந்தத் தண்ணி விவகாரம்தான்.”

போனாள், வந்தாள்.

“…காலையில எழுந்து கேட்டா, நான் ஒண்ணுமே பண்ணலையேங்கறார்.”

தையல்காரர் முனையைச் சேர்த்து வாங்கிக்கொண்டார். உதட்டில் ஊசி இருந்ததால் “ம்” என்றார். மனசுக்குள், ‘பாவம், குடிகாரனுக்கு வாக்கப்பட்டிருக்காங்க’ என்றார்.

இங்கேதான் கண்ணுகளா, உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பேச்சில் ‘வீட்டுக்காரர்’ என்கிற ஒரே சொல்லில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர் கணவர். இன்னொருவர் வாடகை வாங்குகிறவர். புதுசு சொன்னது இரண்டாமவரை. ராத்திரியில் குழாய்க்குத் தண்ணீர் விடாமல் மோட்டாரை நிறுத்திவிடுகிற மனுஷன் அவர். அவளுக்குக் கணவர் இல்லை, இறந்துபோனார். அதைச் சொல்ல யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொல்லவும் இல்லை. ‘ஓனர்’ என்று சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. வாய் பழகிப்போனது, அவ்வளவுதான்.

இரண்டாவது சொல்லையும் சொல்லிவிடுகிறேன். அது தையல்காரருடையது. போன வருஷம் இதே பருவத்தில், ஒரு திங்கட்கிழமை, “நேத்து பூரா ஒரு சின்ன வீடு கட்டிக்கிட்டிருந்தேன்” என்று யதார்த்தமாகச் சொல்லிவிட்டார். டிரைவர் தரையில் உருண்டு சிரித்தான். மனுஷன் கட்டியது குருவிக்கு ஒரு மரப்பெட்டி. முன்னால் வட்டமாக ஒரு ஓட்டை வைத்து, மரத்தில் ஏற்றி மாட்டுகிற பெட்டி. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் அதற்குச் ‘சின்ன வீடு’ என்றே பெயர். வெளியே அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் விளக்கப்போவதில்லை, உங்களில் சிரிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பழைய மூன்று பேருக்கும் அது பழகிப்போன கேலி. புதுசுவுக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை.

குளிர் முதுகைக் காட்டிய முதல் திங்கட்கிழமை வந்தது. மாதக்கணக்காகச் சாத்திக்கிடந்த பின்கதவு ஈரத்தில் உப்பி இறுகியிருந்தது. டிரைவர் ஒரு உதை விட்டுத் திறந்தான். உள்ளே இருந்த நீராவி முழுக்க வெளியே ஓடியது. பின்பக்கம் ஒற்றை மரம். மொட்டைக் கிளைகளில் தீக்குச்சி முனை அளவுக்குத் துளிர். கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு நாலு பேரும் வெயிலில் உட்கார்ந்தார்கள். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெரியக்கா தேநீர் ஊற்றினாள். தேநீர் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கதை பேசுவது அங்கே வழக்கம்.

“நான் நீச்சல் கத்துக்கப் போனேன்” என்றாள் பெரியக்கா. “கரையைப் பிடிச்சுக்கிட்டே ஒரு மணி நேரம் காலை உதைச்சேன். இன்னிக்குக் கால் யாரோடதுன்னே தெரியல.”

“நான் மீன் பிடிக்கப் போனேன்க்கா” என்றான் டிரைவர். “மீனுங்க வரிசையா வந்து என்னைப் பாத்துட்டுப் போச்சுங்க. அண்ணே, உங்க சின்ன வீடு எப்படி இருக்கு?”

தையல்காரர் உதட்டு ஊசிகளை எடுத்துச் சட்டையில் குத்தினார். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்தான் அவர் ஊசியை எடுப்பார்.

“புதுசாப் பெயிண்ட் அடிச்சேன். இன்னும் யாரும் வரல. போன வருஷம் வந்தவளே வருவாளான்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

“வாசலைப் பெருசா வச்சா கண்டவங்களும்தான் நுழைவாங்க” என்றாள் பெரியக்கா.

“ஆமாங்க. அவ வந்து ரெண்டாம் நாளே பின்னாலயே ஒருத்தனும் வந்துட்டான்.”

புதுசுவுக்குத் தேநீர் புரையேறியது. “நீங்க ஒண்ணும் சொல்லலியா?”

“நான் என்னங்க சொல்றது? அவங்க சந்தோஷமா இருந்தாச் சரி. ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். பொழுது போறதே தெரியாது.”

அவள் கூடையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். இத்தனை நாள் அவளுக்கு அவர் மேல் ஒரு மரியாதை இருந்தது. மரியாதை மட்டும்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். டிரைவர் வாய்க்கு வாய் ‘அண்ணே’ என்கிற அதே ஆளை அவள் ஒருநாளும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. ‘இந்தாங்க’ என்பாள், ‘இங்க பாருங்க’ என்பாள். இப்போது அந்த மரியாதையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ என்ன பண்ணே?” என்று பெரியக்கா அவளைக் கேட்டாள்.

“பஸ் ஏறிக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, இறங்காமலே திரும்பி வந்தேன்க்கா. எனக்கு அது பிடிக்கும். இந்தத் தடவை வழியில ஏதாவது வீடு காலியா இருக்கான்னும் பாத்துக்கிட்டே போனேன். வீட்டுக்காரர் இந்த மாசத்தோட கிளம்பச் சொல்லிட்டார்.”

 டிரைவர் பெரியக்காவைப் பார்த்தான்.

பெரியக்காதான் தொண்டையைச் செருமினாள். “கோவத்துல சொல்லியிருப்பார். வீட்டுக்காரர்னா அப்படித்தான். எங்க வீட்டுல இல்லாத சண்டையா? நீ ஒண்ணு பண்ணு. அவருக்குப் பிடிச்சதா ஏதாவது சமைச்சு வை.”

“வீட்டுக்காரருக்கா? நான் எதுக்குக்கா சமைக்கணும்?”

“அட, அனுசரிச்சுப் போறதுதானே.”

“சிரிச்சு நாலு வார்த்தை பேசிப் பாருங்கக்கா” என்றான் டிரைவர். “ஒரு சட்டை எடுத்துக் கொடுங்க. மனுஷன் உருகிடுவார்.”

அவள் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். கேலி செய்கிறார்களா? முகத்தில் கேலி இல்லையே.

“சட்டை கொடுத்தா அவரோட சம்சாரம் தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?”

பெரியக்காவின் கை அந்தரத்தில் நின்றது. “அவரோட… சம்சாரமா?”

“ரொம்ப நல்லவங்கக்கா. மேல்மாடியிலதான் இருக்காங்க. அவங்க பேசினதாலதான் மாசக் கடைசி வரைக்குமாவது இருக்க விட்டார். அவருக்கு மொத்தம் மூணு வீடு. எல்லாத்துலயும் ஆள் இருக்கு. கடைசியா வந்தவ நான்தான், அதான் என்னை முதல்ல கிளப்பறார்.”

தையல்காரர் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டார்.

அங்கே யாராவது ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை அந்த நிமிஷமே முடிந்திருக்கும். கேட்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று நினைக்காதீர்கள். அடுத்தவர் குடும்ப விஷயத்தை நோண்டக் கூடாது என்று மூன்று பேருமே நல்லபடியாக வளர்க்கப்பட்டவர்கள். வளர்ப்புதான் வம்பாகிவிட்டது.

அந்த வாரம் முழுவதும் புதுசுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியக்கா தன் சாப்பாட்டில் பாதியை அவள் டப்பாவில் தள்ளினாள். டிரைவர் போகிற போக்கில், “எல்லா ஆம்பளைங்களும் அப்படி இல்லக்கா” என்று கண் கலங்கினான். ‘ஒரு வாடகை ரூமுக்கா இவ்வளவு?’ என்று அவள் திகைத்தாள். யாராவது, “எங்க தெருவுல ஒரு இடம் இருக்கு, வந்து பாரு” என்று சொல்வார்கள் என்று காத்திருந்தாள். அதைத் தவிர மற்ற எல்லாம் சொன்னார்கள்.

அவளாகத் தேடிப் போன இடங்களிலோ, “தனியாவா இருக்கப்போறீங்க?” என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

மூன்று பேரும் தங்களுக்குள் குழம்பியது தனிக் கதை. “மூணு குடும்பமா! எப்படிச் சமாளிக்கறார் அந்த ஆளு?” என்று டிரைவர் கேட்டான். “வாயை மூடு, பாவம் அவ” என்றாள் பெரியக்கா. தையல்காரர் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து பூட்டித்தான் கிடந்தது. வெளிப்பக்கமாகவே படி உண்டு, தனிச் சாவி உண்டு. ஆனால் ஒருத்தியைக் கணவனிடமிருந்து பிரித்து வைத்த பாவம் தனக்கு எதற்கு என்று ஒரு மனசு சொன்னது. நீ பிரித்து வைக்க ஆசைப்படுகிறாய், அதனால்தான் பயப்படுகிறாய் என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டு மனசுக்கும் நடுவில் அவர் ஒரு தலையணை உறையின் வாயைச் சேர்த்துத் தைத்துவிட்டார். பிறகு உட்கார்ந்து பிரித்தார்.

வெள்ளிக்கிழமை புதுசு பெரியக்காவிடம் வந்து சொன்னாள். “ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேன்க்கா. தம்பி வீட்டுக்கு. நாளையோட வேலையை விட்டுடறேன்.”

“தம்பி நல்லாப் பாத்துப்பானா?”

“நல்லவன்தான். சாப்பாட்டுக்குக் குறை இருக்காது.” கொஞ்சம் நிறுத்தி, “சாவிதான் இருக்காது” என்றாள். பெரியக்காவுக்கு அது புரிந்தது. சாயங்காலம் வேலை முடிந்து போய், தன் கதவைத் தானே திறந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ரேடியோ கேட்பதைப் பற்றிப் புதுசு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், புருஷன் ராத்திரி வெகு நேரம் கழித்துத்தான் வருவான்போல என்று பெரியக்கா நினைத்திருந்தாள். அந்தச் சாவிக்காகத்தான் புதுசு இந்த வேலைக்கே வந்தாள்.

மூலையில் தையல் மெஷின் நின்றது. தையல்காரர் எழுந்து வந்தார். திங்கட்கிழமை இல்லை, மூட்டையும் அதிகம் இல்லை. ஆனாலும் வந்து விரிப்பின் எதிர்முனையைப் பிடித்தார். உதட்டில் ஊசி இல்லை.

முன்னால் வந்தார். “உங்களுக்கு ஒரு இடம் இருக்கு.”

பின்னால் போனார்கள். முன்னால் வந்தார்கள்.

“என் வீட்டு மாடி. சும்மாதான் கிடக்கு. நீங்க வந்து இருக்கலாம்.”

பின்னால் போனதும் அவள் ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். அவர் தடுமாறிப்போனார். முன்னால் வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

“உங்களுக்கு வெக்கமா இல்லையா?”

“எ… எனக்கா?”

“ஏற்கனவே ஒண்ணு வச்சிருக்கீங்க. அதுக்குப் பெயிண்ட் என்ன, வாசல் என்ன! அது போதாதுன்னு இப்ப மாடியில வேற ஒண்ணா?”

அவர் மறைக்கத் தெரியாத மனுஷன். “ஒண்ணு இல்லீங்க” என்றார். “ரெண்டு இருக்கு. ஒண்ணு மரத்துல. இன்னொண்ணு ஜன்னலுக்கு வெளியில ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன்.”

அவள் நின்றுவிட்டாள். “ஆணி அடிச்சா?”

“பின்ன? காத்துல ஆடினா முட்டை விழுந்துடாதா?”

“முட்டையா?”

அந்த நேரம் பார்த்து உலர்த்துகிற மெஷின் வேலை முடிந்து நின்றது. கூடம் முழுக்க அமைதி. அந்த அமைதியில் அவருடைய குரல் தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது.

“குருவிங்க முட்டை!”

“எந்தக் குருவி?”

“சின்ன வீட்டுல இருந்த குருவிங்க. போன வருஷம் வந்தது.”

அவள் பெரியக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பெரியக்கா கைகளால் ஒரு பெட்டி அளவு காட்டி, அதில் விரலால் ஒரு வட்டமும் போட்டாள். புதுசு விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, கவிழ்த்த கூடைமேல் சரிந்து உட்கார்ந்தாள். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பதறினார். சிரித்துக்கொண்டிருந்தாள். “நான் என்னவெல்லாம்… பின்னால ஒருத்தன் வந்தான், ஜன்னல்ல நின்னு பாத்தேன்னீங்களே… ஐயோ!” என்று விரிப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவருக்குக் காது மடல் வரை சூடானது. ஆனாலும் சொல்ல வந்ததை விடவில்லை. “இருக்கட்டுங்க. மாடிக்கு வர்றதுக்கு உங்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?”

“அவர் என்ன சம்மதிக்கறது? அவர்தானே கிளம்பு கிளம்புன்னு தலைமேல நிக்கறார்.”

“இருந்தாலும்… கட்டினவராச்சே.”

“ஆமா, கட்டினவர்தான். மழை பேஞ்சா மூணு இடத்துல ஒழுகற மாதிரி கட்டியிருக்கார்.”

தையல்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், கணக்கு வரவில்லை. அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. டிரைவர் கூடையோடு அப்போதுதான் உள்ளே வந்தான்.

“எதுக்கா ஒழுகுது?”

“வீடுதான்ப்பா. நான் வாடகைக்கு இருக்கற வீடு.”

டிரைவர் கூடையைக் கீழே போட்டான். “வாடகையா? அப்போ வீட்டுக்காரர்னா… வீட்டு ஓனரா? அக்கா! ஓனர்னு சொல்லித் தொலைச்சா என்னக்கா! ஒரு வாரமா நான் அந்த ஆளை அடிக்க ஆள் சேத்துக்கிட்டிருக்கேன்!”

“நான் சமைச்சுப் போடச் சொன்னேனே” என்று பெரியக்கா தலையில் கை வைத்தாள். பிறகு மெதுவாக, “அப்போ உன் வீட்டுக்காரர்?” என்றாள்.

“எந்த வீட்டுக்காரர்?”

“உன் புருஷன்டி.”

புதுசு விரிப்பின் முனையை எடுத்து இன்னொரு முனையோடு சேர்த்தாள். சேர்ந்த பிறகும் நீவிக்கொண்டே இருந்தாள். “அவர் போய் ஏழெட்டு வருஷமாச்சுக்கா.”

மறுமுனையைப் பிடித்தபடி தையல்காரர் சொன்னார். “என் வீட்லயும்.”

அதற்கப்புறம் இரண்டு பேரும் அந்த விரிப்பை மடித்து முடித்தார்கள். பேசவில்லை. மெஷின் நின்றிருந்தது. பேசியிருந்தால் எல்லாமே கேட்டிருக்கும், அதனால்தானோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை புதுசு பஸ் ஏறவில்லை. டிரைவர் மீன் பிடிக்கப் போகாமல் வண்டியைக் கொண்டுவந்தான். அவளுடைய சாமான்கள் வண்டியின் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. ரேடியோவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். மாடிப்படிக்குக் கீழே தையல்காரர் சாவியோடு நின்றிருந்தார். கையில் கொடுப்பதா, கதவிலேயே மாட்டிவைப்பதா என்று தெரியாமல் கடைசியில் டிரைவரிடம் கொடுத்தார். அவன் சிரித்துக்கொண்டே அவளிடம் நீட்டினான்.

மறுநாள் பின்கதவு லேசாகத் தள்ளியதுமே திறந்துகொண்டது. மரத்துத் துளிர் பிரிந்து இலையாகியிருந்தது. கூடைகளைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள்.

“புதுசக்கா, நேத்து சாமானெல்லாம் ஏத்தின பிறகு என்ன பண்ணீங்க?” என்று டிரைவர் கேட்டான்.

“என்ன பண்ணேன்? வீட்டுக்காரர்கூட ஜன்னலண்ட உக்காந்து சின்ன வீட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன். குருவி வந்துடுச்சு” என்றாள் அவள், இயல்பாக.

டிரைவர் குவளையைக் கீழே வைத்தான். “எந்த அர்த்தத்துலக்கா?”

“எது?”

“வீட்டுக்காரர்.”

அவள் ‘ஓனர்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. தையல்காரரைப் பார்த்தாள். அவர் அவசர அவசரமாக இரண்டு ஊசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார். “தெரியலையேப்பா” என்றாள் கடைசியில். பெரியக்கா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எது யாருடைய குவளை என்று தெரியாமல் எல்லாவற்றிலும் தேநீரை ஊற்றினாள்.

எனக்கும் அதற்குமேல் தெரியாது, கண்ணுகளா. தெரிந்ததும் சொல்கிறேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

சரி, எழுந்திருங்கள், நேரமாகிறது. நீங்கள் திரும்பிப் போகிற வீடு வாடகை வீடோ சொந்த வீடோ, அதன் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். குழாயில் தண்ணீர் நிற்காமல் வரட்டும். கதவைத் திறக்கிற சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் பாதி சொன்னால் மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஒருத்தர் உள்ளே இருக்கட்டும். உங்கள் ஜன்னலுக்கு வெளியே குருவி வந்து குடியேறட்டும். பார்த்துப் போங்கள்.